ஒற்றைக் கை செட்டிங்

துரைராஜின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டிக்கி கீஸ் மறுபடியும் ஆன் ஆகியிருந்தது.

"ஒத்தக் கையால டைப் பண்றவங்களுக்கான செட்டிங்ப்பா இது. ஷிஃப்ட்ட அஞ்சு தடவ தட்டுனா வந்துடும். நீங்கதான் தட்டியிருப்பீங்க" என்ற மகள் சங்கீதா, அதை அணைத்துவிட்டுக் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடினாள்.

துரைராஜுக்குத் தெரிந்து ஒற்றைக் கையால் டைப் அடித்தவன் பெனடிக்ட்தான். மந்தாரக்குப்பத்துத் தனியார் பட்டறையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். மெஷினைப் போடுமுன் 'கைய எடு' என்று கத்துவது அங்கே வழக்கம். ஒருநாள் துரைராஜ் கத்தாமலே மெஷினைப் போட்டார். பெனடிக்டின் இடது கை மெஷின் உருளைக்குள் போனது. "நான் கத்துனேன், அவந்தான் எடுக்கல" என்று விசாரணையில் சொல்லித் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். பெனடிக்ட் மிச்சமிருந்த ஒரு கையோடு பட்டறை ஆபீஸில் டைப் அடிக்கப் போனான். போன ஈஸ்டருக்கு முன்பு பெனடிக்டை அடக்கம் செய்தார்கள்.

இப்போது ஷிஃப்ட் கீ தானாக அமுங்கி எழுந்தது. ஐந்து முறை. அணைத்துவிடலாம் என்று துரைராஜ் வலது கையை மவுஸிலும் இடது கையைக் கீபோர்டிலும் வைத்தார். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"கைய எடுங்கண்ணே. நான் சொல்லிட்டுத்தான் போடுறேன்."

அவர் இரண்டு கைகளையும் வெடுக்கென்று இழுத்தார். வலது கை மட்டும் வந்தது.