காலியான ஆணி

மந்தாரக்குப்பத்து மாடியறையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு கீபோர்டின் மேல் விழுந்து கிடக்கிறது. சேத்தியாத்தோப்புக்கு வெண்மதி முன்னின்று இழுத்த புது ஃபைபர் லைனின் வேகத்தை இரண்டு மணிக்குள் அளந்து காட்ட வேண்டும். அந்த முனையிலிருந்து இளவழகன் போன் ஸ்பீக்கரில், "அக்கா, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னே வந்துகினு இருக்கு" என்கிறான். முதலாளி கொளஞ்சிநாதன் கடிகாரத்தைப் பார்க்கிறார். "பத்து நிமிசந்தான். அப்புறம் லைனக் கழட்டிடுவன்." நிலக்கரி மைன்ஸில் முப்பது வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். எதைத் திறந்தாலும் கழட்டினாலும் செய்தவர் பேரெழுதிய சிவப்பு அட்டை சுவரில் தொங்க வேண்டும் என்பது இங்கும் அவர் வைத்த சட்டம். 'லைன் கழட்டியது, கொளஞ்சிநாதன்' என்ற அட்டை இப்போதே அவர் கையில் தயார். வெண்மதி சுவரைப் பார்க்கிறாள். கம்ப்யூட்டரைக் காக்கும் ஃபயர்வாலில் 5201 போர்ட் என்ற வழியைத் திறந்ததற்குக் காலையில் அவள் மாட்டிய அட்டை ஃபேன் காற்றில் ஆடுகிறது. பக்கத்து ஆணி காலியாக இருக்கிறது. வேகம் அளக்கும் ப்ரோக்ராம் ஓடுவதோ அதே கம்ப்யூட்டரில் தனி அறைபோல் அடைத்து வைத்த கண்டெய்னருக்குள். தெருக் கேட்டைத் திறந்தவள் வீட்டுக் கதவைத் திறக்கவேயில்லை. அந்த அவசரத்திலும் முதலில் அட்டையை எழுதி மாட்டுகிறாள்: 'கண்டெய்னர், 5201, வெண்மதி.' பிறகுதான் அந்தக் கதவைத் திறக்கும் கட்டளையைத் தட்டுகிறாள். "இப்ப ஓட்டு, இளவழகா." திரையில் எண்கள் நொடிக்கொன்றாக வருகின்றன. ஆயிரம் எம்பி லைனில் 941, 941, மறுபடியும் 941. "தொள்ளாயிரத்துக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குதுக்கா." கொளஞ்சிநாதன் அவள் டீ கிளாஸைத் தூக்கி, தன் சிவப்பு அட்டையை அதற்கடியில் வைக்கிறார்.