கொஞ்சம் இறங்குது

தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள், அப்பா அடுத்த மாதம் வந்துவிடுவார் என்று.



கூடத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள் மகள் துர்கா. வயலினின் தலை அவள் கால்மேல் சாய்ந்திருந்தது. ஒரு தந்தியை மீட்டிக் காதைக் கொடுத்தாள். தந்தியை முறுக்கும் பிருடையைத் துளி திருகினாள். மறுபடி மீட்டினாள்.

ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை. பாதிப் பாடத்தில் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுவிடுகிறாள் என்று பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். வாத்தியம் ஏதாவது பழகினால் மனசு நிற்கும் என்றாள் எதிர்வீட்டு உமையாள்.

அதற்காகத்தான் வயலின்.

முதலில் காது கூசியது. பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பிறகு, எப்போது என்று தெரியவில்லை, பிள்ளை சத்தங்களைக் கேட்க ஆரம்பித்தாள்.

குக்கர் விசிலும் லிஃப்ட் மணியும் ஒரே ஸ்வரம் என்றாள். மின்விசிறியின் சத்தம் மாறியிருக்கிறது என்றாள். அந்த வாரமே அது நின்றுபோனது.

பள்ளியில் இப்போது குறை சொல்வதில்லை. கணக்கில்கூட மார்க் ஏறியிருந்தது. அம்மாவுக்கு அது போதும்.

“அம்மா.”

துர்கா தந்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்பா வருவாங்கன்னு சொல்றப்ப மட்டும் உன் குரல் கொஞ்சம் இறங்குது.”

குற்றமாகச் சொல்லவில்லை. தந்தி இறங்கியிருப்பதைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அம்மா அடுப்பை அணைத்தாள்.

அப்பாவுக்கு நாக்பூர் மாற்றல் என்றுதான் பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தாள். அவன் இருப்பது இதே திருச்சியில். வயலூர் ரோட்டில் ஒரு வீட்டில், இன்னொருத்தியுடன்.

கூடத்துக்கு வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். சொன்னாள். நினைத்ததைவிடச் சீக்கிரம் சொல்லி முடிந்துவிட்டது.

துர்கா ஒன்றே ஒன்று கேட்டாள். தான் படுத்திய பாட்டினால் போனாரா என்று.

“இல்ல.”

பிள்ளை உடனே தலையாட்டவில்லை. சத்தம் அடங்கிய பிறகும் அந்தச் சொல் இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு வில்லின் முடியைத் தளர்த்தினாள். வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

எழுந்து வந்து அம்மாவின் மடியில் உட்கார்ந்தாள். இப்படி உட்கார்ந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

நன்றாகக் கனத்தாள்.