சத்தமில்லாத சாவு வீடு

வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட சீகை மரங்களை வெட்டி எடுத்த மலைச்சரிவில் நஞ்சியும் புருஷன் மாதனும் பதினெட்டு வருஷம் சோலைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்தார்கள். காட்டை மீட்க வந்த ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து ஊரே செய்த வேலை அது. காடு திரும்பியது. பிறகு, திரும்பி வந்த பறவைகள் மிரளக் கூடாதென்று, அறக்கட்டளைக்காரர்கள் மரத்துக்கு மரம் சத்தத்தை அளக்கும் ஒலிமானி பொருத்தினார்கள். மனிதச் சத்தம் மூன்று முறை அளவு மீறினால் ஊரையே கீழே சமவெளிக்கு இறக்கிவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு முறை மீறியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், நாற்றுப் பண்ணையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மாதன் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்து இறந்துபோனான்.

அறக்கட்டளை ஊழியன் விமலன் வாசலில் வந்து நின்றான். அவன் கண்களும் சிவந்திருந்தன.

"அக்கா, மேளம் வேண்டாம். அழுகையும் கொஞ்சம் அடக்கித்தான். இது பறவைங்க குஞ்சு பொரிக்கிற மாசம். இன்னொரு தடவை மீறினா என்னால தடுக்க முடியாது."

"என் புருஷன் செத்துக் கிடக்கான்பா."

"தெரியும்க்கா."

நஞ்சி ஊராரைப் பார்த்தாள். யாரும் தலை நிமிரவில்லை. பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக் குலுங்கினார்கள்.

பாடையைத் தூக்கினார்கள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்த அழுகையில் நஞ்சியின் வாய் அகலத் திறந்தது. மாதனின் கூடப்பிறந்த தங்கை ஓடி வந்து, தானும் அழுதுகொண்டே, அந்த வாயை இரண்டு கைகளாலும் இறுகப் பொத்தினாள்.