இன்னொரு கிளச்

ஈஸ்வரமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தபோது வண்டி மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியது ஒச்சாயி. டிரைவிங் ஸ்கூல் கார், ஒன்பதாவது நாள் வகுப்பு. கற்றுக்கொடுக்கிறவனுக்கு முப்பது வயது, கற்றுக்கொள்கிறவளுக்கு நாற்பத்தாறு.

எப்படியோ ஓரங்கட்டினாள். சாப்பாட்டுப் பையிலிருந்து போனை உருவிக்கொண்டு, பையைப் பார்க்காமலே அவன் காலடியில் எறிந்தாள். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். காலை ஆறு மணி, அவிநாசிபாளையத்து ரோட்டில் கைகாட்டி நிறுத்த ஒரு வண்டி இல்லை.

"ஓட்டுங்க்கா, திருப்பூரு போயிரலாம். கியரை மட்டும் நீங்க பாருங்க, கிளச்சை நான் பாத்துக்கறனுங்க."

அந்த வண்டியில் அவன் காலடியிலும் ஒரு கிளச், ஒரு பிரேக் உண்டு. எட்டு நாளும் வண்டி நடுரோட்டில் அணையாமல் ஓடியது அந்த இன்னொரு கிளச்சின் புண்ணியத்தில்தான்.

ஒச்சாயியின் கால் அப்படிப்பட்டது. பனியன் கம்பெனியில் இருபது வருடம் பவர் தையல் மெஷின் மிதித்த கால். பயம் வந்தால் வெடுக்கென்று காலை எடுத்துவிடும். மெஷின் நின்றுவிடும், விரல் தப்பிக்கும். கிளச்சில் அப்படி எடுத்தால் வண்டி குலுங்கிச் செத்துப்போகும்.

முதல் கியர். இரண்டு. மூன்று. குலுங்கவே இல்லை.

இந்த நிலைமையிலும் மிதிக்கிறானே மகராசன் என்று அவளுக்குக் கண் கலங்கியது.

ஊருக்குள் நுழைந்ததும் பாலம். பாதி ஏற்றத்தில் எஞ்சின் முனகியது. நாலு மடிப்புத் துணி ஊசிக்கடியில் மாட்டினால் மெஷின் முனகுமே, அதே முனகல். முன்னால் கம்பெனி வேன், பின்னால் பஸ். இரண்டா, ஒன்றா? தப்பான கியர் விழுந்தால் வண்டி இங்கேயே நிற்கும், அவன் இங்கேயே போய்விடுவான்.

"தம்பி, ரெண்டு போடுறேன். கிளச்ச மட்டும் விட்டுறாதீக."

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

போட்டாள். வண்டி முக்கிக்கொண்டு ஏறியது.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. பார்க்கவும் தேவையில்லை. வண்டி குலுங்காத வரை அவன் கால் மிதிக்கிறது. மிதிக்கிற வரை உயிர் இருக்கிறது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் மூன்று, சிக்னலில் ஒன்று, மறுபடி இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஆட்கள் ஓடிவந்து இடதுபக்கக் கதவைத் திறந்தார்கள். மூச்சு இருக்கு, சீக்கிரம் தூக்கு என்று ஒருவர் கத்தினார்.

அப்போதுதான் பார்த்தாள். வலியில் இரண்டு காலையும் சீட்டின் மேல் இழுத்து, முழங்கால் நெஞ்சில் முட்டச் சுருண்டு கிடந்தான். கீழே, கால் இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய சாப்பாட்டுப் பை. எறிந்தபடியே, ஒரு மிதி படாமல்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது.

வண்டியை ஓரமாக எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் விசிலடித்தார். கிளச்சை மிதித்தபடியே இருந்த இடது காலை ஒச்சாயியால் எடுக்க முடியவில்லை.