கோணேசர் மலை எந்தப் பக்கம்?

“இதில கோணேசர் மலை எது? காட்டும் பாப்பம்,” என்றார் மகேந்திரராஜா.

அருந்தவன் எழுந்து படத்தருகே போனான். சிட்னியின் பிளாக்டவுன் பகுதி வீட்டு வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடற்போர் மூண்டிருந்தது. பீரங்கிப் புகை, முறிந்த பாய்மரம், தண்ணீரில் தத்தளிக்கும் தலைகள்.

“திருகோணமலைக்கு முன்னால இங்கிலீசுக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடிபட்டது. 1782. அந்தக் காலத்து அச்சு, ஏலத்தில எடுத்தனான். பாரும், ஒருத்தன் மிச்சமில்லாமல் எல்லாரும் இடக்கையாலதான் வாள் வீசுறாங்கள். அவங்கட ஸ்டைலே தனி!” தன் பகடிக்குத் தானே சிரித்தார் மகேந்திரராஜா.

அருந்தவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலை அவனுடைய அகதி வழக்கின் கடைசி விசாரணை. அவன் திருகோணமலைக்காரன்தானா என்ற ஒற்றைக் கேள்வியில் வழக்கே தொங்கிக்கொண்டிருந்தது. அடையாள அட்டை கடலோடு போய்விட்டது. உறவென்று சொல்ல எவரும் மிஞ்சவில்லை.

சிட்னித் திருகோணமலைச் சங்கத்தின் தலைவர் மகேந்திரராஜா. அவர் வந்து, ‘இவன் எங்கள் ஊரான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்தான். சொல்லாவிட்டால் மறுபடி வில்லாவுட் தடுப்பு முகாம். அங்கிருந்து திருப்பியனுப்பும் விமானம்.

“கண்டவன் நிண்டவன் எல்லாம் ட்ரிங்கோ எண்டு சொல்லிக்கொண்டு வாறான் தம்பி. அதுதான் ஒரு சின்ன டெஸ்ட். எனக்குப் பொய் பிடிக்காது.”

அருந்தவன் மறுபடி பார்த்தான். திருகோணமலைக்கு எதிர்க்கரையான மூதூரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவன் அவன். படகில் போய் வந்த காலமெல்லாம் கண்ணில் ஒட்டிக்கிடந்த காட்சி. ஆனால் இது? ஏதோ பொறி வைக்கிறார் என்று தோன்றியது.

“அங்கிள், இது எங்கட இடம் இல்லை.”

“என்ன?”

“கடலால வரேக்க மலை வலக்கைப் பக்கம் நிக்கும். துறைமுக வாய் இடக்கைப் பக்கம். இதில எல்லாம் மாறிக் கிடக்கு. இது வேற எங்கையோ.”

மகேந்திரராஜாவின் முகம் இறுகியது. “கீழ ஊர்ப் பேர் அச்சடிச்சுக் கிடக்கு, கண் தெரியேல்லையே? விடிஞ்சால் பொழுதுபட்டால் இந்தப் படத்தைப் பாக்கிறன். மலை இடப்பக்கம்தான்! நீர் எங்கட மண்ணில காலே வைக்கேல்லை.”

“அங்கிள், கோணேசராணை...”

“பொய்க்குச் சாட்சி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாளைக்கு வரமாட்டன். போட்டு வாரும்.”

வாசலில் குனிந்து சப்பாத்தை மாட்டும்போது கண்ணெல்லாம் மங்கியது. நிமிர்ந்தவன் எதிரே நடைச் சுவரில் மாட்டியிருந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்தான். அதில் வரவேற்பறைப் படம் தெரிந்தது.

“அங்கிள்! ஓடி வாங்கோ! இந்தக் கண்ணாடிக்குள்ளால படத்தைப் பாருங்கோ!”

கண்ணாடிக்குள் வாள்களெல்லாம் வலக்கைக்கு மாறியிருந்தன. வலப்பக்கத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு, அவன் பார்த்துப் பழகிய மலை.

“இடவலம் மாத்தி அச்சடிச்சிருக்கிறாங்கள் அங்கிள். இப்ப சொல்லுங்கோ, இது எங்கட ஊர்தானே?”

மகேந்திரராஜா கண்ணாடியையே பார்த்தபடி நின்றார். “ஏலத்தில இதோட, முகம் பாக்கிற கண்ணாடி வைச்ச ஒரு பெட்டியும் தந்தவங்கள். அதுக்குள்ளாலதான் பாக்கவேணுமாம். குப்பை எண்டு விட்டிட்டு வந்தனான்,” என்று முணுமுணுத்தார்.

அருந்தவன் அவர் முகத்தில் வெட்கத்தைத் தேடினான். அங்கே இருந்தது பயம்.

“நாளைக்கு வருவீங்கள்தானே அங்கிள்?”

“எனக்கு வேற அலுவல் இருக்கு.” கதவு சாத்திக்கொண்டது.

வீதிக்கு இறங்கியவனைப் பின்னாலிருந்து ஒரு குரல் நிறுத்தியது. மகேந்திரராஜாவின் மனைவி யோகராணி, குசினிப் பக்கக் கதவால் வந்திருந்தார்.

“அன்ரி, நான் சொன்னது சரியெண்டு அவருக்கே விளங்கிட்டுது. பிறகேன் வரமாட்டாராம்?”

“அங்க வந்தால் அவரையும் ஊரைப் பற்றி நாலு கேள்வி கேப்பாங்கள், தம்பி.”

“கேக்கட்டுமே! அவருக்குத் தெரியாததே?”

யோகராணி வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

“இவர் கொழும்பில பிறந்து கொழும்பிலயே வளந்தவர். விசா எடுக்கத்தான் திருகோணமலை எண்டு சொன்னவர். அந்தக் கடலைப் பாத்ததே இந்தப் படத்திலதான்.”