அதே எண்

அன்று மாலை அங்கே இருந்தவர்கள் நான், என் மனைவி, மருமகள், அவள் இடுப்பில் பேத்தி. அவ்வளவுதான். நேரில் பார்த்ததுபோல் பேசுகிற மற்றவர்கள் யாரும் அங்கே இல்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையின் காலரை நீவிவிட்டவள், அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள்.

வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், சொல்லாக வரவில்லை.

மருமகளின் கைபேசி ரிப்பேர் கடையில் இருந்தது. எனக்குக் கைபேசி கிடையாது; வேண்டாம் என்றவன் நான்தான். எங்களுக்கு வீட்டு ஃபோன் இருக்கிறது. என் தகப்பனார் வாங்கிய எண். இப்போது அது இன்டர்நெட் வழியாக வருகிறது. சுவரோரம் ஒரு சிறிய பெட்டி, பச்சை விளக்கு, அதிலிருந்து ஃபோனுக்கு ஒரு வயர். பெட்டியை எங்கே கொண்டுபோய் மாட்டினாலும் எண் கூடவே வந்துவிடும்.

ஆம்புலன்சுக்கு அடித்தேன். மறுமுனையில் பேசிய பெண்ணின் குரல் துண்டு துண்டாக வந்தது. என் குரலும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

“மாமா, டிவிய நிறுத்துங்க! அதுவும் அதே நெட்டுலதான் ஓடுது!”

மருமகள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுவே முதல் தடவை. டிவி வயரைப் பிடுங்கினேன். பேத்தி வீறிட்டு அழுதாள்.

“ஐயா, விட்டு விட்டுக் கேக்குது. பரவால்ல, உங்க அட்ரஸ் இங்க ஸ்கிரீன்ல வந்திருக்கு. வண்டி கிளம்பிடுச்சு.”

லைன் அறுந்தது.

எனக்கு அந்த நிலையிலும் சற்றுப் பெருமையாக இருந்தது. வாய் திறந்து சொல்லாமலே எங்கள் முகவரி தெரிகிறது.

மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். “வந்துடும், வந்துடும்” என்றேன். அவள் விரல்கள் என் சட்டைக் காலரை விடவில்லை. மருமகள் குழந்தையோடு பால்கனிக்கும் அறைக்குமாக ஓடினாள். தெருவில் ஸ்கூட்டர் போனது, பால் வண்டி போனது. மனைவியின் மூச்சு கரகரத்தது. பிறகு கரகரப்பும் இளைத்தது.

ஃபோன் அடித்தது. மருமகள் பாய்ந்து ஸ்பீக்கரில் போட்டாள். ஆம்புலன்ஸ் டிரைவர்.

“வாசல்லதான் நிக்கிறோம். இங்க இருக்கறவரு, நீங்க வீட்ட வித்துட்டுப் போயிட்டீங்கன்னு சொல்றாரே?”

மருமகள் என்னைப் பார்த்தாள். பிறகு இந்த வாடகை வீட்டின் முகவரியை, ஒவ்வொரு சொல்லாக, அழாமல் சொன்னாள். அங்கிருந்து இங்கே வர நகரத்தையே கடக்க வேண்டும்.

நாங்கள் இங்கே குடிவந்த அன்று, பெட்டியை மாட்ட வந்த ஆள் புது முகவரி கேட்டான். ஓர் அவசரம் என்றால் கம்பெனியில் பதிந்திருக்கும் முகவரிதான் ஆம்புலன்சுக்குப் போகும், மாற்றியே ஆக வேண்டும் என்றான். பழையதே இருக்கட்டும் என்றேன். வீட்டை விற்றதை மகளின் புகுந்த வீட்டாரிடம் நாங்கள் சொல்லவில்லை; அவள் மாமனார் அந்த ஃபோன் கம்பெனியில்தான் அதிகாரி. முகவரி மாறினால் அவர் கண்ணில் படாமல் போகாது. அது மாறாதவரை, அந்த எண்ணில் அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் நாங்கள் பெரிய வீட்டிலிருந்தே பேசினோம்.

துக்கம் கேட்க வந்தவர்கள், வண்டி வழி தவறிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

அது தவறு. வண்டி எங்கும் வழி தவறவில்லை. நான் வைத்திருந்த முகவரிக்கு நேராகப் போய் நின்றது.