முயலுக்குப் பயம் காட்டுகிறவன்

முதல் மண்கட்டியைத் தள்ளித்தான் எறிந்தான்.

முயல் துள்ளிப் போய் அதை முகர்ந்து பார்த்தது. தின்கிற சாமான் இல்லை என்று தெரிந்ததும் அவன் பக்கம் திரும்பியது.

வேறு ஏதாவது கொண்டுவந்திருக்கிறாயா என்கிற பார்வை.

"ஓடு" என்றான். கொஞ்சுகிற மாதிரி வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான். இன்னும் மோசம்.

நாளை விடிந்தால் மாசி வேட்டை. வீட்டுக்கு ஓர் ஆள், கம்பும் நாயுமாக இந்தக் கருவேலங்காட்டில்தான் இறங்குவார்கள்.

அவனும் இறங்குவான். பத்து வருடமாக இறங்குகிறான். இதுவரை அவனுக்குச் சிக்கியது காலில் முள் மட்டும்.

தாய் முயல் தார்ரோட்டில் அடிபட்டுக் கிடந்த அன்று, பக்கத்து மிளகாய்ச் செடிக்கடியில் இரண்டு குட்டிகளைக் கண்டெடுத்தான். உள்ளங்கையளவு. ஒன்று மறுநாளே போய்விட்டது. மற்றதற்குக் காதுமருந்து விடும் ஃபில்லரில் ஆட்டுப்பால், சொட்டுச் சொட்டாக. குடித்ததும் ஈரத்துணியால் அடிவயிற்றை வருடிவிட வேண்டும். அப்போதுதான் ஒன்றுக்குப் போகும்.

பெற்ற மகனுக்கு ஒருநாள்கூடக் கால் கழுவிவிட்டதில்லை. மனைவிக்குத் தெரிந்தால் மானம் போகும். வயலில் மோட்டார் ரூமுக்குள் வைத்தே வளர்த்தான்.

தெரிந்தது ஒரே ஆளுக்கு. மனைவியின் அண்ணன் முத்திருளன். பால் கொடுத்த ஆடு அவருடையது. நமக்குள்ளேயே இருக்கட்டும் மச்சான் என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தான். வளர்ந்ததும் இந்தக் காட்டில் கொண்டுவந்து விட்ட அன்று அவரும் கூட வந்தார். இடத்தைப் பார்த்துக்கொண்டார்.

இன்று காலை டீக்கடை. ஊர் ஆண்களில் பாதிப் பேர். முத்திருளன்தான் ஆரம்பித்தார்.

"இந்த வருசம் நாயே வேணாம்யா. நம்ம மாப்பிள்ளையக் கொண்டுபோய் முன்னாடி நிப்பாட்டுங்க. மொசலே நடந்து வந்து சட்டிக்குள்ள உக்காந்துக்கிரும்."

கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாக அவன் சிரித்தான். டீ மூக்கில் ஏறியது. நல்லதாகப் போயிற்று. கண் கலங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது.

மறுபடி மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டலாம். இன்னொரு சாவி முத்திருளனிடம் இருக்கிறது.

மனுசனைக் கண்டால் ஓட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். எல்லாம் செய்தான், இதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டாவது கட்டி அதன் காலடியில் விழுந்து உடைந்தது. ஒரே தாவில் புதருக்குள் போய்விட்டது.

அப்பாடா என்றிருந்தது.

அதற்குள்ளாகவா என்றும் இருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு காதுகள் வெளியே வந்தன. அப்புறம் மூக்கு. நேராக ஓடிவந்து அவன் கால் பெருவிரலை ஒட்டிப் பதுங்கியது. அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது செருப்பு வரைக்கும் தெரிந்தது.

யாரோ எறிகிறார்கள். இவனிடம் வந்துவிட்டால் போதும்.

அப்படித்தான் நினைத்திருக்கும்.

கையிலிருந்த மூன்றாவது கட்டியைப் பொடித்து உதிர்த்தான். இது ஆகாது. கல்லாக ஒன்று வேண்டும். ரொம்பப் பெரிதாகவும் வேண்டாம்.

குனிந்து தேடினான்.

அவன் கை போன இடமெல்லாம் முயலும் மூக்கை நீட்டித் தேடியது.